நாடித்துடிப்பு 118: நிதானிக்கக் கற்பிக்கும் முன் நாங்கள் கற்றுக்கொண்டவை

தர்மபுரி மாவட்டத்து மருத்துவமனை ஒன்றின் பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில், ஒரு நாள் காலை பத்தேகால் மணிக்கு, மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவி ஒருத்தி நீட்டிய சார்ட்டில் அவளுடைய ஆசிரியையான நான் கையெழுத்திட்டேன். தலைப்பிரசவம் முடிந்து இரண்டு மணி நேரமே ஆகியிருந்த ஓர் இளம்பெண்ணின் சார்ட் அது. நாடித்துடிப்பு 118, இரத்த அழுத்தம் 110/70, மூச்சு 20, வெப்பம் 98.4 என்று கட்டத்தைத் தாண்டாமல் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். அரை மணி நேரம் கழித்து, குழந்தைக்குப் பால் கொடுக்க உதவுவதற்காக ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் போர்வையை விலக்கியபோது, அந்தப் பெண்ணுக்கு அடியில் விரித்திருந்த சேலைத் துணி முழுவதும் இரத்தத்தில் நனைந்திருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கருப்பை பந்துபோல் இறுகாமல் தளர்ந்து கிடந்தது. கருப்பையைத் தேய்த்துவிட்டு, அதைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் மருந்தை ஏற்றி, டாக்டரை வரவழைத்து, இரத்தமும் ஏற்றிய பின் அவர் பிழைத்துக்கொண்டார்.

மதியம் அந்த மாணவியைத் தனியே அழைத்து, 118 என்று எழுதிவிட்டு ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "பிபி நார்மலாத்தானே மேம் இருந்துச்சு" என்றாள். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அவளாகவே இன்னொன்றையும் சொன்னாள். அந்தப் பெண்ணின் தாய், "பிள்ளைக்கு ஒரே தாகமா இருக்குதாம், கையெல்லாம் சில்லுன்னு இருக்குது பாப்பா" என்று இவளிடம் சொல்லியிருக்கிறார். இவள் தண்ணீர் கொடுத்துவிட்டு, குளிருக்கு இதமாகப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டு வந்திருக்கிறாள். இரத்தப்போக்கை எங்கள் எல்லார் கண்ணிலிருந்தும் மறைத்தது அந்தப் போர்வைதான்.

அவள் அக்கறையில்லாத பெண் அல்லள். பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கின் காரணங்களைக் கேட்டால் கருப்பைத் தளர்ச்சி, காயம், உள்ளே தங்கிய நஞ்சுக்கொடி, உறைதல் கோளாறு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். இரத்தம் குறையும்போது இளம் வயதினரின் உடல் இதயத்தை வேகமாக ஓட்டியும் கைகால் நாளங்களைச் சுருக்கியும் இரத்த அழுத்தத்தை நெடுநேரம் தாங்கிப் பிடிக்கும் என்பதையும், அதனால் அழுத்தம் விழுவது கடைசியாக வரும் அறிகுறி என்பதையும் முதலாண்டு உடலியங்கியலிலேயே படித்திருந்தாள். படித்த இந்த இரண்டையும் ஒரு கட்டிலின் அருகே நிறுத்தி ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அந்தச் சார்ட்டைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டவள் நான் என்பதை இன்றுவரை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கையெழுத்திடும்போது கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்றுதான் என் கண் பார்த்ததே ஒழிய, கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

நர்சிங் கல்லூரி ஆசிரியர்களில் பலர் எம்.எஸ்சி. முடித்தவுடன் நேராக வகுப்பறைக்குள் வந்தவர்கள். எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே நாங்களும் கேட்கிறோம். வரையறை என்ன, காரணங்கள் எத்தனை, இந்த ஊசியின் அளவு என்ன என்று வாய்மொழித் தேர்வான வைவாவில் கேட்பதையே வார்டிலும் கேட்கிறோம். ஆசிரியர் மேம்பாடு என்ற பெயரில் நடக்கும் ஒருநாள் நிகழ்ச்சிகளில் நல்ல உரைகள் பலவற்றைக் கேட்டிருக்கிறேன், சான்றிதழ்களும் வைத்திருக்கிறேன். ஆனால் நான் ஒரு நோயாளியின் அருகே மாணவியோடு நிற்கும்போது என்ன செய்கிறேன் என்பதை அதுவரை எவரும் வந்து பார்த்ததில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டம் 2021 இல் அரசிதழில் வெளியாகி, எட்டு செமஸ்டர்களும் திறன் சார்ந்த மதிப்பீடும், நோயாளிக்குப் பதிலாகப் பொம்மையிலோ நடிப்பிலோ பழகும் சிமுலேஷனும் வந்துவிட்டன. பாடத்திட்டம் மாறிய அளவுக்கு எங்கள் கேள்விகள் மாறவில்லை.

அந்தப் போர்வைக்குப் பிறகு நானும் என்னுடன் பணியாற்றும் ஐந்து ஆசிரியர்களும் சனிக்கிழமை மதியம் இரண்டு மணி முதல் மூன்றரை வரை உட்காரத் தொடங்கினோம். முதல்வர் அனுமதி கொடுத்ததோடு, அந்த நேரத்தில் வேறு வேலை எதையும் எங்கள்மேல் போடாமல் காத்தார். இது சிறிய உதவியாகத் தோன்றலாம். ஆனால் ஆசிரியர்கள் கூடிக் கற்பதற்கென்று ஒதுக்கிய நேரம், ஆய்வுக் குழு வருகிறது, பதிவேடு முடிக்க வேண்டும் என்று முதல் மாதத்திலேயே கரைந்துபோவதைப் பல இடங்களில் கண்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் சனிக்கிழமைக்கு ஒரே விதி வைத்தோம். மாணவிகளின் தவறுகளைப் பேசக்கூடாது, நாம் ஒவ்வொருவரும் நோயாளியிடம் தவறவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு எங்களில் மூத்தவர், தாம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொன்னார். அரூர்ப் பக்கத்திலிருந்து விடிகாலையில் ஒரு சிறுவனை வயிற்றுவலி என்று தூக்கி வந்திருக்கிறார்கள். வாந்தியும் இருந்தது. பையனின் இமைகள் பாதி மூடியபடி இருந்ததை இவர் பார்த்திருக்கிறார், நடு இரவில் எழுப்பித் தூக்கி வந்ததால் தூக்கக் கலக்கம் என்று எண்ணியிருக்கிறார். அரை மணி நேரத்தில் பையனால் எச்சிலை விழுங்க முடியவில்லை. வயற்காட்டுக் கொட்டகையில் தரையில் படுத்திருந்தவனைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. அதன் கடி பல நேரம் வலிப்பதில்லை, தடயமும் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை, வயிற்றுவலியோடு தொடங்கி இமை தொங்கி, பிறகு மூச்சுத் தசைகளே செயலிழக்கும். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனையும் அவனுக்குச் சரியாகவே இருந்திருக்கிறது, ஏனெனில் கட்டுவிரியன் விஷம் தாக்குவது நரம்பை. டாக்டர் கண்டுகொண்டு விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் கொடுத்துப் பையனைக் காப்பாற்றினார். "அந்த இமை என் கண்ணில் படாமல் இல்லை. பட்டதற்குத் தூக்கம் என்று பெயர் வைத்துவிட்டேன்" என்றார் மூத்தவர். பையன் பிழைத்தும், இத்தனை ஆண்டுகளாக இதை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை என்றும் சொன்னார்.

அவர் சொல்லி முடித்தபோதுதான், நோயாளியின் நிலையை நர்ஸ் எப்படி எடைபோட்டு முடிவுக்கு வருகிறார் என்பதை விளக்க 2006 இல் கிறிஸ்டின் டானர் என்ற நர்சிங் கல்வியாளர் முன்வைத்த கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட் மாதிரியைச் சரியாகப் புரிந்துகொண்டேன். கவனித்தல், பொருள்கொள்ளல், செயற்படுதல், திரும்பிப் பார்த்தல் என்று நான்கு நிலைகளாக அவர் அதைப் பிரிக்கிறார். அதற்கு முன் நான் அதை எத்தனையோ முறை பலகையில் எழுதிப் படம் வரைந்திருக்கிறேன். என் மாணவி தாகத்தைக் கவனித்தாள், குளிர்ந்த கையைக் கவனித்தாள், 118 ஐயும் கவனித்தாள், தண்ணீரும் போர்வையும் கொடுத்துச் செயற்படவும் செய்தாள். நடுவில் இருக்க வேண்டிய பொருள்கொள்ளல் அங்கே இல்லை. மூத்தவரிடம் பொருள்கொள்ளல் இருந்தது, ஆனால் முதலில் தோன்றிய பொருளோடு நின்றுவிட்டது. இரண்டும் வேறு வேறு குறைகள், இரண்டுக்கும் வேறு வேறு விதமாகக் கற்பிக்க வேண்டும். கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் திட்டிவிட்டுப் போனால் இந்த வேறுபாடு நமக்கும் தெரியாது, மாணவிக்கும் தெரியாது.

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜட்ஜ்மென்ட் என்பதைத் தீர்ப்பு என்று சொன்னால் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது, முடிவெடுத்தல் என்றால் கடைசிப் படி மட்டுமே நிற்கிறது. நிதானித்தல் என்ற சொல்லை எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். பார்த்து, எடைபோட்டு, பதறாமல் ஒரு முடிவுக்கு வருவது எல்லாம் அதில் அடங்குகிறது. மாணவிகளும் எளிதில் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்து, ஒருவர் கற்பிப்பதை இன்னொருவர் வார்டுக்கு வந்து பார்ப்பது என்று முடிவுசெய்தோம். வருபவர் மதிப்பெண் போடக்கூடாது, கருத்தும் சொல்லக்கூடாது, கற்பிப்பவர் கேட்கும் கேள்விகளை மட்டும் ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். என் தாளில் 40 நிமிடத்தில் 23 கேள்விகள் இருந்தன. அவற்றில் மூன்றைத் தவிர மற்ற எல்லாம் ஒரு சொல்லில் விடை சொல்லிவிடக்கூடியவை. அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. கேள்வி கேட்டபின் நான் எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்பதையும் அந்த ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்திருந்தார், பெரும்பாலும் ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு. ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடிக்கு நீட்டினாலே மாணவர்களின் விடை நீளமாகவும் ஆழமாகவும் மாறுகிறது என்பதையும் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே எழுதியிருக்கிறார். எனக்கு அது நாற்பது வயதுக்கு மேல், என் சொந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரியவந்தது.

இப்போது கட்டிலருகே நான் கேட்பவை குறைவு. இவரிடம் நீ கண்டது என்ன, நீ எதிர்பார்த்ததிலிருந்து எது மாறியிருக்கிறது, இது வேறு எதுவாக இருக்கலாம், அடுத்த ஒரு மணி நேரத்தில் இவருக்கு என்ன ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறாய். இவற்றில் கடைசிக் கேள்விதான் அதிகம் வேலை செய்கிறது. அச்சம் என்ற சொல்லைப் பயன்படுத்தியதும், புத்தக விடை தேடும் மாணவி நோயாளியின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாள். கேட்டுவிட்டு மனத்துக்குள் ஐந்து எண்ணுகிறேன். அந்த ஐந்து எண்ணிக்கையைத் தாங்க எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. மௌனம் நீண்டால் நோயாளியின் உறவினர்கள் முன் மாணவி தலைகுனிவாளோ என்ற பதற்றத்தில் விடையை நானே சொல்லிவிடுவேன். நோயாளிக்குக் கேட்கக்கூடாத அச்சங்களை வராந்தாவில் வைத்துக் கேட்பது என்ற திருத்தத்தையும் பின்னர் சேர்த்துக்கொண்டோம்.

கேள்வியைவிடக் கடினமாக இருந்தது ஆசிரியர் தம் சிந்தனையை வாய்விட்டுச் சொல்வது. புதியவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பார், தேர்ந்தவர் சூழலை முழுமையாக ஒரே பார்வையில் உணர்வார் என்று நர்சிங் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984 இல் விளக்கினார். தேர்ந்தவருக்குத் தாம் எப்படி உணர்ந்தோம் என்பது தெரியாமல் போவதுதான் இதில் கற்பிப்பவருக்குள்ள சிக்கல். ஆகவே அதற்கும் பயிற்சி வேண்டியிருந்தது. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டத்துக்கு மருந்து அடித்துவிட்டு மயங்கிய ஒரு விவசாயி, அந்த விஷத்துக்கு மாற்றான அட்ரோபின் ஏறிக்கொண்டிருந்த நிலையில் எங்கள் வார்டில் இருந்தார். அவர் கையைக் காலை உதறிக்கொண்டு, கட்டிலிலிருந்து எழுந்து போக முயன்றார். மாணவிகள் அவரைப் பிடித்துக்கொள்வதிலேயே குறியாக இருந்தார்கள். எங்களில் ஓர் ஆசிரியை அருகே போய், கைகள் வேலை செய்யும்போதே வாயாலும் சொல்லிக்கொண்டு போனார்:

"இவர் பதறுகிறார். எனக்கு இரண்டு பக்கமும் சந்தேகம் இருக்கிறது. பூச்சிமருந்தின் விஷம் இன்னும் இறங்கவில்லையா, அல்லது அட்ரோபின் அதிகமாகிவிட்டதா? விஷம் என்றால் கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கி, எச்சில் வழிந்து, நெஞ்சில் களகளவென்று சத்தம் கேட்க வேண்டும். பார்க்கிறேன். கண்மணி விரிந்திருக்கிறது. அக்குளைத் தொடுகிறேன், காய்ந்திருக்கிறது. நெஞ்சு இரு பக்கமும் சுத்தமாக இருக்கிறது. உடம்பு சுடுகிறது. வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைக்கிறேன், குடல் சத்தம் கேட்கவில்லை. இவை எல்லாம் சேர்ந்து அட்ரோபின் அதிகம் என்ற பக்கம் என்னைத் தள்ளுகின்றன. ஆனால் முடிவு என்னுடையது அல்ல, இதை இப்படியே இப்போதே டாக்டரிடம் சொல்லப் போகிறேன். சொல்லிவிட்டு மறுபடியும் நெஞ்சைக் கேட்பேன், ஏனென்றால் மருந்தைக் குறைத்தபின் விஷம் திரும்பவும் தலைகாட்டலாம்."

இவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதே பாடத்தை வகுப்பில் ஒன்றரை மணி நேரம் எடுத்திருக்கிறேன். ஓர் ஆசிரியர் "எனக்குச் சந்தேகம் இருக்கிறது" என்று தொடங்கியதைத் தாங்கள் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டதாக மாணவிகள் பின்னர் சொன்னார்கள். இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதலில் சக ஆசிரியர் முன் செய்து பாருங்கள். நாங்கள் சனிக்கிழமைகளில் ஒருவர் நோயாளியாகப் படுக்க இன்னொருவர் வாய்விட்டு நிதானித்துப் பழகினோம். தொடக்கத்தில் எல்லாருமே சிந்தனையைச் சொல்வதாக எண்ணிக்கொண்டு பாடம் நடத்தினோம்.

மேனிக்கின் எனப்படும் விலை உயர்ந்த பயிற்சிப் பொம்மை எங்களிடம் இல்லை. பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து, சிவப்பு நிறம் கரைத்த தண்ணீரை அளந்து ஊற்றி, நான்கு துணிகளை மேசைமேல் வரிசையாக வைத்தோம். ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லி இருக்கிறது என்று ஆசிரியர்கள் ஆறு பேரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதினோம். 500 மில்லி ஊற்றிய துணிக்கு நான் எழுதியது 250. ஒருவர் 200 என்று எழுதியிருந்தார். சாதாரணப் பிரசவத்துக்குப் பின் 500 மில்லி என்பதே நாங்கள் மாணவிகளிடம் ஆண்டாண்டாகக் கேட்டுவந்த வரையறை, அந்த 500 எங்கள் கண்ணுக்கு எப்படி இருக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதன்பின் தராசு வைத்து எடைபோட்டோம். உலர்ந்த துணியின் எடையைக் கழித்தால் மீதி ஒவ்வொரு கிராமையும் ஏறக்குறைய ஒரு மில்லியாகக் கொள்ளலாம். நமக்குப் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் பெலகாவியில் நடந்த ஆய்வொன்றில்தான், பிரசவித்தவருக்கு அடியில் விரித்து இரத்தத்தை அளக்கும் அளவுகோடிட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் பயன்படுத்தி, கண்ணால் மதிப்பிடுவது எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்பதை எடுத்துக்காட்டினார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் நடந்து 2023 இல் வெளியான பெரிய ஆய்விலும், இத்தகைய விரிப்பால் முன்கூட்டியே கண்டறிந்து சிகிச்சைகளை ஒரே தொகுப்பாக உடனே தொடங்கியதில் கடும் இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. விரிப்பு இல்லாத இடத்தில் ஒரு தராசாவது இருக்கலாம்.

இந்தத் துணிப் பயிற்சியை மாணவிகளுக்குச் செய்யும்போது, பத்து நிமிட இடைவெளியில் நோயாளியின் நாடித்துடிப்பை 96, 108, 118 என்று ஏற்றிக்கொண்டே போவோம், இரத்த அழுத்தத்தை 110/70 இலேயே நிறுத்திவைப்போம். நோயாளியாக நடிப்பவர் இடையில் ஒரே ஒரு முறை, "தண்ணி குடுங்க பாப்பா" என்பார்.

சில நேரம் மாணவி கவனிக்காமல் போவதற்குக் காரணம், அந்த மாற்றம் அவளைச் சுற்றி எல்லாரிடமும் இருப்பதுதான். பென்னாகரம் பகுதியில் சமூகநலப் போஸ்டிங்கில் வீடு வீடாகச் சென்றபோது, குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறையை ஒரு மாணவியும் குறிப்பேட்டில் எழுதவில்லை. அவர்களில் இரண்டு பேர் அதே பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்கள், அவர்கள் பற்களிலும் அதே கறை இருந்தது. பற்களைக் கறைபடுத்தி எலும்புகளையும் இறுக்கும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கூடுதலாக உள்ள மாவட்டம் இது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பதும், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும் அவர்களுக்குப் பாடமாகத் தெரியும். "எங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான் மேம்" என்றாள் ஒருத்தி. அந்தப் பெண்ணையே அன்று ஆசிரியராக்கினோம். எந்த வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர், எந்த வீட்டில் குழாய் நீர், முதுகை வளைக்க முடியாத பெரியவர்கள் எந்த வீட்டில் என்று அவள் கேட்டுவந்தது, எங்கள் கேள்விப் பட்டியலைவிட நன்றாக இருந்தது.

வார்டில் இதற்கு இணையானது மூச்சுக் கணக்கு. எந்த வார்டுச் சார்ட்டையும் புரட்டிப் பாருங்கள், மூச்சுக் கட்டத்தில் 20, 20, 18, 20 என்று வரிசையாக நிற்கும். எல்லாரும் எழுதுவதால் அது எண்ணாமல் எழுதும் எண் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. பிரிட்டனில் 2012 இல் வெளியாகி 2017 இல் திருத்தப்பட்ட எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் என்றால் அது ஒன்றுக்கே உச்சமான 3 மதிப்பெண், உடனே பார்க்க வேண்டிய நிலை. கர்ப்பிணிகளுக்கு அந்த முறை பொருந்தாது என்றாலும், பொது வார்டில் மூச்சு எவ்வளவு பேசும் என்பதற்கு அது சான்று. ஆசிரியர்களாகிய நாங்கள் ஒருவரையொருவர் முழு நிமிடம் எண்ணிப் பழகினோம். நாடி பிடிப்பதுபோல் நோயாளியின் கையை அவர் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, தாம் எண்ணப்படுவது அவருக்குத் தெரியாமல் எண்ணுவது நல்ல முறை. மாணவி எண்ணும்போது நாமும் பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் என்ன நோய் என்று கேட்காமல், உனக்கு எத்தனை வந்தது, எனக்கு இத்தனை வந்தது என்று மட்டும் ஒப்பிட்டாலே கட்டங்களில் எண்கள் மாறத் தொடங்குகின்றன.

ஒரு முயற்சி தோற்றதையும் எழுத வேண்டும். டானரின் மாதிரியை அடிப்படையாகக் கொண்டு கேத்தி லாசட்டர் 2007 இல் வெளியிட்ட மதிப்பீட்டு அட்டவணையில் நான்கு நிலைகளும் பதினொரு கூறுகளும் உண்டு. அதைத் தமிழில் எழுதி, நோயாளிக்கான பராமரிப்புத் திட்டமாகிய கேர் பிளானுக்குப் பதிலாக "இன்று நான் கவனித்தது" என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லி, அட்டவணையின்படி மதிப்பெண் கொடுத்தோம். இரண்டு மாதத்துக்குள் வியப்பூட்டும் கவனிப்புகள் குவிந்தன. ஒரு வாரம் ஐந்து மாணவிகள் ஒரே நோயாளியிடம், ஒரே நாளில், ஒரே சொற்களில் உதட்டு நீலத்தைக் கவனித்திருந்தார்கள். அந்த நோயாளியைப் போய்ப் பார்த்தேன், நன்றாக இருந்தார். சீனியர்களின் கேர் பிளானைப் பார்த்து எழுதும் பழக்கத்தை ஒழிக்கப் புறப்பட்டு, புதிதாக ஒன்றைப் புனையக் கற்றுக்கொடுத்திருந்தோம். பிழை எங்களுடையது. மதிப்பெண்ணை எடுத்துவிட்டோம். இப்போது அந்த அட்டவணை மாணவியோடு பேசும்போது மட்டும் மேசையில் இருக்கிறது, எந்தக் கூறில் நிற்கிறாள் என்பதை அவளே தொட்டுக் காட்டுகிறாள். இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கிறது, இன்னும் கிடைக்கவில்லை.

அந்தப் பேச்சுக்கும் ஒழுங்கு உண்டு. ஏன் சொல்லவில்லை என்று தொடங்கினால் மாணவி மன்னிப்புக் கேட்பாள், அதோடு முடிந்துவிடும். நான் கண்டதையும் எனக்குத் தோன்றியதையும் முதலில் மறைக்காமல் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் அவள் மனத்தில் என்ன ஓடியது என்று கேட்டால் காரணம் வெளியே வருகிறது. "நீ 118 என்று எழுதியதைப் பார்த்தேன். இரத்தப்போக்கு இருக்கலாமோ என்று எனக்குக் கவலை. நீ எழுதும்போது என்ன நினைத்தாய்?" முதல் மாணவியிடம் நான் இப்படிக் கேட்கவில்லை. அவள் அழுதபின் தானாகச் சொன்னதால்தான் தாகமும் போர்வையும் எனக்குத் தெரிந்தன, சொல்லாமல் இருந்திருந்தால் பிபி நார்மல் என்ற விடையோடு அவளை அனுப்பியிருப்பேன்.

நிதானித்துவிட்டாலும் அதை வாய்திறந்து சொல்வது எங்கள் பிள்ளைகளுக்குத் தனி மலை. சித்தேரியிலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் வந்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் படிக்கும் பெண், இரவு டியூட்டி டாக்டருக்குப் போன் செய்ய அஞ்சுகிறாள். நிலை, பின்புலம், மதிப்பீடு, வேண்டுகோள் என்று நான்கு வாக்கியங்களில் சொல்லப் பழக்குகிறோம். "சார், போஸ்ட்நேட்டல் வார்டிலிருந்து பேசுகிறேன். பிரசவமாகி இரண்டு மணி நேரமான அம்மாவுக்கு நாடி 118, கை சில்லிட்டிருக்கிறது, தாகம் என்கிறார். பிபி நார்மல்தான், ஆனால் இரத்தப்போக்கு இருக்குமோ என்று எனக்கு அச்சமாக இருக்கிறது. உடனே வந்து பார்க்க வேண்டும்." இதில் கடைசி இரண்டு வாக்கியங்களை மாணவிகள் விழுங்கிவிடுகிறார்கள். டாக்டராக நடிக்கும் ஆசிரியர் வேண்டுமென்றே கடுமையாகப் பேச, அவர்கள் அதையும் மீறி அந்த இரண்டையும் சொல்லி முடிக்கும்வரை விடுவதில்லை.

இதோடு சேர்ந்த ஒன்று நோயாளியின் சொற்கள். கிறுகிறுப்பு, கண் இருட்டுவது, மயக்கம், படபடப்பு என்று நம் மக்கள் நான்கு விதமாகச் சொல்வதை எல்லாம் மாணவி ஒரே ஆங்கிலச் சொல்லாக மாற்றிக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறாள், நான்கின் வேறுபாடும் அங்கேயே தொலைந்துபோகிறது. நோயாளி சொன்னதைச் சொன்னபடியே தமிழில் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னோம். தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்திலிருந்து வரும் கன்னடமும் தெலுங்கும் பேசும் நோயாளிகளுக்கு, அந்த மொழி தெரிந்த மாணவியை உடன் நிறுத்துகிறோம்.

ஓர் ஆசிரியருக்குப் பத்து மாணவிகள் என்ற விகிதத்தை வைத்துக்கொண்டே இவ்வளவும் செய்வது எளிதல்ல. உண்மையில் மாணவியுடன் அதிக நேரம் நிற்பவர் ஸ்டாஃப் நர்ஸ். வார்டு பொறுப்பு சிஸ்டர் இருவரைச் சனிக்கிழமைக்கு அழைத்தோம். கேள்விகள் எழுதும் தாளை அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் சொன்னது எங்களை அடுத்த வேலைக்குத் தள்ளியது. "நீங்க எட்டு மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போயிடுறீங்க மேடம். பேஷண்ட் மோசமாகிறது பெரும்பாலும் அதுக்கப்புறம்தான்."

இந்த மாதத்திலிருந்து எங்களில் இருவர் முறைவைத்து மாலை ஐந்து முதல் இரவு எட்டு மணி வரை வார்டில் இருக்கிறோம். வீட்டுக்குப் போகக் கடைசி பஸ்ஸைப் பார்த்துத்தான் இந்த நேரத்தை வைத்துக்கொண்டோம். இரவு டியூட்டி மாறும்போது சிஸ்டர்கள் கட்டில் கட்டிலாக நின்று பொறுப்பை ஒப்படைப்பதை மாணவிகளோடு சேர்ந்து கேட்கிறோம். ஒப்படைப்பு முடிந்ததும் ஒவ்வொரு மாணவியும், இன்று இரவு தான் மறுபடி மறுபடி போய்ப் பார்க்க நினைக்கும் ஒரு நோயாளியின் கட்டில் எண்ணையும் காரணத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பொறுப்பு சிஸ்டரிடம் கொடுக்கிறாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு முதலில் அந்தக் கட்டில்களுக்குப் போகிறோம்.